குடிகாரன் வண்டி

குடிச்சுட்டு வண்டி ஓட்டி டொனாட்ஸ் அண்ணன் மாட்டிக்கிட்டாருன்னு கேட்டதும் லுட்சா ஊரே வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது.

மாட்டறதுக்கு மனுஷனுக்கு வேற இடமா இல்ல? ஏரியைச் சுத்தி எத்தனை காட்டுப்பாதை கிடக்கு. இவரு போலீஸ் ஸ்டேஷன் கேட்டுக்கு முன்னாலயே நின்னு ஹாரனை அமுக்கு அமுக்குன்னு அமுக்கியிருக்காரு. போலீஸ்காரர் என்னவோன்னு வெளிய ஓடி வந்தா, ஜீப்பை ஒரு முழம் முன்னால உருட்டிட்டு, ஜன்னல் வழியாத் தலையை நீட்டி, "தம்பி, ஊதணுமா?"ன்னாராம்.

நான் இதை நடிச்சுக் காட்டாத கடை இல்ல. அண்ணனுக்கு முன்னாலயே நடிச்சேன். பாவம், அவரும் சேர்ந்து சிரிச்சாரு. லைசென்ஸ் போச்சு. இப்ப தேன் பாட்டிலைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு விக்கிறாரு.

ஜீப்பும் போச்சு. எங்க லாட்வியாவுல அளவுக்கு மீறிக் குடிச்சுட்டு ஓட்டினா வண்டி அரசாங்கத்துக்கு. அரசாங்கம் அதை உக்ரைனுக்கு அனுப்பிடும். ரஷ்யாக்காரன் உள்ள புகுந்ததுலேர்ந்து, அடிபட்டவங்களைத் தூக்கிட்டு ஓட அங்க வண்டி பத்தல.

அதுல ஐவாவுக்குத்தான் ரொம்பச் சந்தோஷம். ஊர் ஊராப் போய் உக்ரைனுக்கு வண்டி சேர்க்கிற பொண்ணு அவ. முன்னாடியே இந்த ஜீப்பைக் கேட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தா. அண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. அவர் சம்சாரம் ஜீனா அக்கா வந்து, எங்க வீட்டு ஆணி கூட அங்க போகாதுன்னு சொல்லிக் கேட்டைச் சாத்திட்டாங்க.

காரணம் ஊருக்கே தெரியும். அக்காவோட அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவுல, படுத்த படுக்கையா கிடக்காங்க. பாத்துக்கிறது அக்கா தம்பி கெனாடி. அவனுக்கு அந்த ஊர் டிவி சொல்றதுதான் வேதம். அக்கா வீட்டுலேர்ந்து உக்ரைனுக்கு ஒரு கயிறு போச்சுன்னு தெரிஞ்சாலும் போதும், அம்மா காதுல ஃபோனை வைக்கவே மாட்டான். அந்த ஃபோன்தான் அக்காவுக்கு உசுரு.

காரணம் தெரிஞ்சா மட்டும் ஊர் வாய் சும்மா இருக்குமா? 'அந்தப் பக்கத்து ஆளு'ன்னே அக்காவுக்குப் பேராயிடுச்சு.

வண்டிங்க கிளம்பற நாள் சந்தைத் திடல்ல திருவிழாக் கூட்டம். நீலமும் மஞ்சளுமாக் கொடி. ஆளாளுக்கு என் பாக்கெட்ல பன்றிக்கறி பன்னைத் திணிக்கிறாங்க. ஓட்டிட்டுப் போற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். ஐவா எங்கிட்ட வீசின சாவி எதுன்னு நினைக்கிறீங்க? டொனாட்ஸ் அண்ணன் ஜீப். கூட்டம் விசில் அடிச்சுது. எனக்குக் கால் தரையில நிக்கல.

அப்பத்தான் ஜீனா அக்கா வந்தாங்க. கையில ஃபோன், அதுல கெனாடி மூஞ்சி. கூட்டம் விலகி வழி விட்டுது.

அக்கா ஃபோனை ஜீப் பக்கம் திருப்பி, டயரை ஓங்கி ஒரு உதை விட்டாங்க. "பாருடா கெனாடி, குடிகாரனைக் கட்டிக்கிட்டு நான் படற பாட்டை. நம்ம வண்டி எங்க போகுதுன்னு பாரு."

கெனாடி மூக்கால சிரிச்சான். "உன் புருஷன் எந்த நாட்டுக்கும் லாயக்கில்லாத ஆளுக்கா. நீ என்ன பண்ணுவ. இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை. சாப்டியா, கால் வலி எப்படி இருக்கு, அவ்வளவுதான். அக்கா குரல் அப்படியே குழைஞ்சு போச்சு. ஃபோன் வச்சாச்சு.

ஐவாவுக்குப் பொறுக்கல. "திட்டி முடிச்சாச்சுல்ல, வீட்டுக்குக் கிளம்புங்க"ன்னா. கூட்டம் அக்காவைத் திரும்பிக்கூடப் பாக்கல, அடுத்த வண்டிக்குப் போயிடுச்சு.

அக்கா போகல. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு என் தோளைப் புடிச்சு ஜீப்புக்குப் பின்னால இழுத்தாங்க. கதவைத் திறந்தாங்க.

உள்ள பின் சீட்டே இல்ல. அந்த இடத்துல ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்குப் பலகை அடிச்சு, மேல மெத்தை தைச்சிருக்கு. படுத்தவர் உருளாம இருக்க ரெண்டு பக்கமும் வார். ஓரத்துல புது பேட்டரி.

நான் மெத்தையை அமுக்கிப் பாத்தேன். போலீஸ் புடிச்சதுக்கப்புறம் வீட்டுக்காரங்க வண்டியைத் தொடவே முடியாதுன்னு ஊருக்கே தெரியும்.

"மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பதமாப் போடு"ன்னாங்க அக்கா. "உள்ள ஆள் படுத்திருக்கும்போது பள்ளத்துல விடாதீங்கன்னு அங்க இருக்கற பசங்ககிட்டச் சொல்லு. அப்புறம், அண்ணன் மாதிரி நடிக்கறதை நிறுத்திடாத. கெனாடி காதுவரைக்கும் போகணும்."

"போலீஸ் புடிச்ச வண்டியில இதெல்லாம் எப்படிக்கா?"

முன்னால ஹாரன் அடிச்சுட்டாங்க. அக்கா என்னை ஸ்டீரிங் பக்கம் தள்ளிக் கதவைச் சாத்தினாங்க. ஜன்னல்கிட்டக் குனிஞ்சு காதோட சொன்னாங்க.

"குடிச்ச மனுஷனை ரோட்டுல ஓட்ட விடுவேனா? மெத்தையெல்லாம் தைச்சு முடிச்சுட்டு, ஸ்டேஷன் வாசல்வரைக்கும் நான்தான்யா ஓட்டிட்டு வந்தேன். அங்க வந்துதான் பாட்டிலையே திறந்து குடுத்தேன்."