டூட்டியில் இல்லாத முகம்

தேசிங்கு கைக்காசைப் போட்டு அச்சடித்த புத்தகம் அது. டெலிவரி கம்பெனிக்காகத் தன்னோடு சைக்கிள் மிதித்து வீடு வீடாகச் சாப்பாடு கொடுத்தவர்களை, ஆர்டருக்குக் காத்திருந்த நேரங்களில் அவனே எடுத்த படங்கள். அச்சகத்தில் பிரித்துப் பார்த்தான். ஒருவருக்கும் முகம் இல்லை. கழுத்துக்கு மேலே வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"டூட்டி நேரத்து முகம் கம்பெனிக்குச் சொந்தம்னு கையெழுத்துப் போட்டீங்கல்ல தலைவரே. மெஷினே அழிச்சிரும். உங்க போன்லயும் இந்நேரம் போயிருக்கும்" என்றார் அச்சகக்காரர்.

ஒரே ஒரு பக்கத்தில் முகம் இருந்தது. வியாசர்பாடிப் பாலத்தடியில் லாரி மோதிச் செத்துக் கிடந்த யோபு. போலீசுக்குக் காட்டலாமென்று அன்றைக்கு எடுத்த படம்.

"இது மட்டும் எப்படி?"

"கீழ விழுந்த உடனே கம்பெனிக்காரனுங்க ஆப்புலேர்ந்து லாக்அவுட் பண்ணிடுவானுங்களே. அப்ப அவரு கம்பெனி ஆளு இல்ல."

சாயங்காலம் யோபுவின் மனைவி ரெபேக்கா தேசிங்கின் அறைக்கு வந்து புத்தகத்தைக் கையில் எடுத்தாள். "அவரு சிரிச்சிக்கினே டீ குடிக்கிற படம் இருக்குன்னியேண்ணா, எந்தப் பக்கம்?"

காட்டினான். கிளாஸைப் பிடித்திருந்த கையை அவள் விரலால் தடவினாள்.

"கை அவருதுதான். வேற படத்துல மூஞ்சி இருக்கா?"

அவள் புரட்டிக்கொண்டே போனாள். அந்தப் பாலத்தடிப் பக்கம் வருவதற்குள் தேசிங்கு புத்தகத்தை வாங்கி மூடினான்.

"இல்லம்மா" என்றான்.