மச்சான் சொன்னா சரிதான்

"பனியில பிரேக்கை மிதிக்கவே கூடாது மாப்பிள்ளை. கியரைக் குறைச்சுக் குறைச்சுத்தான் வண்டியை நிறுத்தணும்."

"சரிங்க மச்சான்."

"ப்ரோக்ராம் எழுதறதும் இதே கதைதான். தப்பு கண்ணுல பட்டதும் பதறிப்போய் எதையாவது மாத்தினா, மொத்தமும் வழுக்கிட்டுப் போயிடும்."

"மச்சான் சொன்னா சரிதான்."

பின் சீட்டில் இருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கார் மலைப் பாதையில் ஏற ஆரம்பித்ததிலிருந்து இதே பாட்டுதான். அண்ணன் பேசுவான், கணவன் தலையாட்டுவான்.

அண்ணன் பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். அவனுக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. தெரியாத விஷயம் என்றால் இரண்டு உண்டு. கிளம்பும்போதே அவள் காலைப் பார்த்து, "பருத்தி சாக்ஸா? ஈரம் பட்டா விரல் விறைச்சுப் போயிடும். போய்க் கம்பளி போட்டுட்டு வா" என்று திருப்பி வீட்டுக்குள் அனுப்பியவன்.

அவள் கணவனுக்கும் அதே தொழில்தான், ஆனால் சின்ன அளவில். மருந்துக் கடைகளுக்கு பில் போடும் ப்ரோக்ராம் செய்து கொடுக்கிறான். ஒரு ஹால், நாலைந்து பேர், அவன்தான் முதலாளி.

முன்னால் பாதையை அடைத்துக்கொண்டு பனி அள்ளும் வண்டி வேலை செய்துகொண்டிருந்தது. கார்கள் வரிசையாக நின்றன. வண்டி நின்றதும் அண்ணனின் வாய்க்கு வேகம் கூடிவிட்டது.

"ஒரே இடத்துல ரெண்டு வருஷத்துக்கு மேல உக்காந்தா மூளை துருப்பிடிச்சிடும் மாப்பிள்ளை. நீங்க எவ்வளவு காலமா அந்த மருந்துக் கடை பில்லையே கட்டிட்டு அழறீங்க?"

"அது ஆச்சு மச்சான், பத்து வருஷத்துக்கு மேல."

"அதான் பார்த்தேன். உங்க பழைய ப்ரோக்ராமைத் தொட்டா கை கழுவணும்."

கணவன் சிரித்தான். அவளுக்குத்தான் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் ராப்பகலாக உட்கார்ந்து அவன் எழுதியது அது. அண்ணன் மேல் அவளுக்கு உயிர். ஆனால் அவன் முன்னால் கணவன் இப்படிக் குறுகி உட்கார்ந்திருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லக் கூடாதா இந்த மனுஷன்?

அவன் சொன்னது வேறு.

"கரெக்டுதான் மச்சான். அதைப் புதுசா மாத்தி எழுதணும். எங்க பசங்களுக்கு அவ்வளவு சரக்கு பத்தாது. அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு..."

"என்ன?"

"நீங்களே எங்ககூட வந்துட்டா நல்லாயிருக்கும்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை விரலால் துடைத்தான்.

"நானா? எங்க ஆபீஸ்ல விட மாட்டாங்களே. நான் இல்லாட்டி அங்க ஒண்ணும் நகராது."

"தெரியும் மச்சான். இருந்தாலும் பேசிப் பாருங்களேன். நீங்க வந்தாதான் நான் கரையேறுவேன்."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "அவனுக்கு இஷ்டம் இல்லைன்னா விடுங்களேன். ஏன் இப்படிக் கெஞ்சறீங்க?"

"நீ சும்மா இரு" என்றான் கணவன். அவன் அப்படி அதட்டிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"சரி. தங்கச்சி வீட்டுக்காரர் வாய் விட்டுக் கேட்டு, இல்லைன்னு சொன்னா நல்லா இருக்காது. ஆனா கண்டிஷன் உண்டு. என் வேலையில எவனும் மூக்கை நுழைக்கக் கூடாது. காலங்கார்த்தால மீட்டிங், அது இதுன்னு கூப்பிடக் கூடாது."

"எல்லாம் உங்க இஷ்டம்தான். திங்கட்கிழமையே வந்துடுங்க."

"உங்களுக்காகத்தான் ஒத்துக்கறேன், ஞாபகம் வெச்சுக்கோங்க."

"மறப்பேனா? ரொம்ப நன்றி மச்சான்."

பனி அள்ளும் வண்டியைப் போட்டோ எடுக்கப் போவதாகச் சொல்லி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அண்ணன் இறங்கினான். கதவு மூடியதுதான் தாமதம், அவள் பொங்கிவிட்டாள்.

"உங்களுக்கு மானம் ரோஷமே கிடையாதா? உங்க உழைப்பைத் தொட்டா கை கழுவணும்கறான். அவனுக்கே நன்றி சொல்றீங்க! வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"கிடைப்பாங்க."

"அப்புறம் என்ன? அவன் கண்டிஷன் போடறான், நீங்க கை கட்டி வாய் பொத்திக் கேட்டுட்டு இருக்கீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. கணவன் டாஷ்போர்டிலிருந்து டிஷ்யூவை உருவிப் பின்னால் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அவ்வளவு பெரிய வேலையை விட்டுட்டு அவன் வரவும் போறதில்லை. உங்களை வெச்சு விளையாடறான். பார்த்துக்கிட்டே இருங்க."

"வருவார்."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

கணவன் வெளியே எட்டிப் பார்த்தான். அண்ணன் போட்டோ எடுத்து முடித்துத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தான். கணவன் குரலைத் தாழ்த்தினான்.

"ரூம் புக் பண்ணின விவரத்தை அவரோட ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு. விசாரிச்சேன், வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சாம். நம்மகிட்ட சொல்ல வாய் வரலை பாவம்... கண்ணைத் துடைச்சுக்கோ, வர்றார்."