நாலாம் சனிக்கிழமையில் ஒரு பவளம்

பவளம் வெட்டும் கத்தரியை அவன் வெந்நீரில் போட்டு எடுத்தான்.

துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

வெட்ட மனம் வரவில்லை.

கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், நடுப்பாறையில் மூளைப் பவளம்.

கட்டைவிரல் அளவுத் துண்டாக அவனிடம் வந்தது. நாலு வருடத்தில் உள்ளங்கை அகலம் ஆகியிருந்தது. போன மாதம் வரை பச்சையும் சிவப்புமாகப் பூரி போல உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இப்போது வெளிறிவிட்டது. சதை வற்றி, உள்ளே இருக்கும் எலும்பு வரி வரியாகத் தெரிந்தது.

நோய் என்றால் பிடித்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும். விட்டால் மொத்தமும் போய்விடும்.

எந்த இடத்தை வெட்டுவது?

அதுதான் பிடிபடவில்லை.

ஒரு வாரமாகப் பார்க்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். புழு இல்லை. பூச்சி இல்லை. பழுப்புச் சளி இல்லை. அழுகினால் ஊரைக் கூட்டும் நாற்றம் வரும். மோந்து பார்த்தான். கடல் வாசனைதான் வந்தது.

தண்ணீரைச் சோதிப்பது அவனுக்குத் தொழில். குடிநீர் ஆய்வகத்தில் பதினெட்டு வருடம்.

சோதனைக் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டான். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். மாறவில்லை. பாஸ்பேட்டும் அப்படியே. இரண்டும் பூஜ்யம்.

பெருமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு மூன்று முறை தண்ணீரை மாற்றினான். வடிகட்டிப் பஞ்சையும் புதிதாக வைத்தான்.

பவளம் இன்னும் வெளுத்தது.

சமையலறையில் சர்க்கரைப் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. புரட்டாசி நாலாம் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போடும் நாள். அவன் மனைவி வேதவல்லி விடிவதற்குள் தலைக்குக் குளித்து, வீட்டைக் கழுவிவிட்டு, அவன் நெற்றியிலும் ஒரு நாமத்தை இழுத்துவிட்டிருந்தாள்.

இந்த மாதத்தில் முட்டை என்ற சொல்லைக்கூட அவள் வாசற்படி தாண்ட விடமாட்டாள். மாதம் பிறப்பதற்கு முதல் நாளே ஃப்ரீசரைக் காலி செய்து கழுவிவிடுவாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. கல்யாணமான பதினாறு வருடத்தில் ஒரு புரட்டாசியிலும் பிசகியதில்லை.

சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டான்.

வேதவல்லி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள்.

"அதுங்களுக்கு இப்ப என்ன போடுறீங்க?"

"கடற்பாசித் தூள். தினம் ஒரு சிட்டிகை."

"முன்னெல்லாம் இறால் நறுக்கிப் போடுவீங்களே."

"போன வருஷம் வரைக்கும் இந்த மாசம் டப்பாத் தீனி. அதுலயும் மீன் தூள்னு இப்பதான் தெரிஞ்சுது. புரட்டாசியாச்சே."

"நமக்குப் புரட்டாசி. அதுக்குமா?"

அவன் கையை வெளியே எடுத்தான். முழங்கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கழுவிய தரை.

பவளத்தைத் திரும்பப் பார்த்தான். நோய் ஒரு ஓரத்தில் பிடித்துப் பரவும். இதுவோ நாலு பக்கமும் ஒரே மாதிரி வற்றியிருந்தது.

"பட்டினி," என்றான்.

தின்றால்தானே மீன் கழியும். கழிந்தால்தானே தண்ணீரில் சத்து நிற்கும். மனிதர் குடிக்கிற தண்ணீருக்குப் பூஜ்யம் நல்லது. பவளத்துக்கு அது வெறும் தட்டு. அந்தத் தட்டை அவன் மூன்று முறை கழுவி வேறு வைத்திருக்கிறான்.

இருபத்தைந்து நாள் விரதம் இருக்க வைத்துவிட்டு, கடைசியில் கத்தரியோடும் வந்து நின்றிருக்கிறான். வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் சந்தோஷமாக இருந்தது. நோய் இல்லை, வெறும் பசிதான். பசிக்கு மருந்து தெருமுனையில் கிடைக்கும்.

ஆனால் இன்றைக்கா?

வேதவல்லி பூஜை அலமாரியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"பசின்னு தெரிஞ்ச பெறகு காக்க வைக்கக் கூடாது. போயிட்டு வாங்க. வந்து குளிச்சுக்கலாம்."

மீன்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நாமத்தோடு ஒருவன் வந்து நிற்பதைக் கண்டதும் பார்வையைத் தராசின் பக்கம் திருப்பிக்கொண்டார். நாகரிகம் தெரிந்த மனிதர்.

"அஞ்சே அஞ்சு இறால். எனக்கில்ல, வீட்ல தொட்டி இருக்கு, அதுக்கு."

"இந்த மாசம் யாருமே தனக்குன்னு வாங்குறதில்ல சார்."

கறுப்புக் கவரில் போட்டு, அதன் மேல் இன்னொரு கவரையும் சுற்றிக் கொடுத்தார்.

பால்கனியில் உட்கார்ந்து உரித்தான். பட்டாணி அளவுக்கு நறுக்கினான். முதலில் இறால் கழுவிய நீரைப் பவளத்தின் மேல் ஊற்றினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஓரத்தில் நூல் போல ஏதோ அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு விளிம்பு முழுக்க வெள்ளை மீசை முளைத்தது.

இடுக்கியால் ஒரு துண்டை நடுவில் வைத்தான். மீசைகள் கவிந்து பிடித்துக்கொண்டன. கீறல் போல ஒரு வாய் திறந்தது. துண்டு நிதானமாக உள்ளே போனது.

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வேதவல்லி வந்தாள். நாலு வருடமாகத் தொட்டியைத் தாண்டித் தாண்டி நடந்தவள், பவளம் சாப்பிட்டு ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தாள்.

அதற்குள் இன்னும் நாலைந்து வாய்கள் திறந்திருந்தன.

தளிகைக்கு நேரமாகிவிட்டது.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இடுக்கிக்குக் கை நீட்டினாள்.