காலண்டர் கட்டின் மேல் கார்

பட்டாசு கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற உக்கிரபாண்டி, சிவகாசியில் தன் வீட்டு வாசலில் காருக்கு ஆயில் மாற்றுகிறார். தரையை உரசுகிற தாழ்ந்த கார். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, இருபுறமும் விற்காத காலண்டர் கட்டுகளை அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, ஜாக்கியை உருவிவிட்டார். வழவழத் தாளில் அச்சான முருகன்களும் லட்சுமிகளும் வெயிலில் மினுங்கிக்கொண்டு காரைத் தாங்குகிறார்கள். அவருடைய தலையும் மார்பும் அடியில் இருக்கின்றன.

“காகிதத்த நம்பியா படுத்திருக்கீக?” என்கிறாள் மனைவி அருணாதேவி, கையில் ஸ்பேனருடன்.

“பாதுகாப்பப் பத்தி எனக்கே பாடமா? ஸ்பேனரக் குடு.”

“தர மாட்டேன். வெளிய வந்து வாங்கிக்கிடுங்க.”

மேடையில் மைக்கைப் பறிகொடுத்தவர்போலக் கோபத்தோடு முதுகால் நகர்ந்து வெளியே வருகிறார். எழுவதற்குப் பம்பரில் கை ஊன்றுகிறார். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க, கட்டுகள் சரிந்து, கார் தொம்மென்று இறங்குகிறது. புழுதி எழுந்து மெதுவாக அடங்குகிறது. அவருடைய மார்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு கை நுழையாது. தெருவே வாசலுக்கு வந்து, வழக்கம்போல, கம்பெனிகள் இருக்கிற திசையில் வானத்தைப் பார்க்கிறது.

“எங்கனயும் புகையக் காணோமே” என்கிறாள் எதிர்வீட்டுப் பொன்மணி. பிறகுதான் பார்வை கீழே இறங்குகிறது. “என்ன மதினி, அண்ணன் எதுக்கு ஒங்க காலப் புடிச்சுக்கிட்டு இருக்காக?”

தெரு மொத்தமும் பார்க்கிறது. அவர் பிடியை விடவில்லை.