பந்து போன வீடு

மஞ்சளும் ரத்தமும் ஊறிய ஒரு துணிச்சுருள் மயில்சாமி வாத்தியாரின் காலடியில் வந்து விழுந்தது. எறிந்தவள் சௌந்திரம். ராசிபுரத்துப் பட்டுத்தறிக்காரர் அர்த்தநாரியின் மனைவி. ஒன்றாம் வகுப்புச் செங்கோடனின் தாய்.

“நல்லா இருப்பீங்களா வாத்தியாரே? கால் பெருவிரல் நகம் வேரோட பேந்து தொங்குதுங்க! அறுத்த கோழியாட்டத் துள்ளறதக் கண்ணுல பார்க்க முடியல!”

பள்ளிக்கூடத்துப் பொட்டலில் தேங்காய் மட்டையை உதைத்துக்கொண்டிருந்த பதின்மூன்று பொடிசுகளும் ஆட்டத்தை நிறுத்தின. இது அதைவிட நல்ல ஆட்டமாகத் தெரிந்தது.

“வாத்தியாருக்கு அடி உழுகுமாடா?” என்று ஒரு சின்னக் குரல் ஆசையோடு கேட்டது.

வாத்தியாரிடமும் கோபம் கைவசம் இருந்தது. மூன்று நாளாகச் சேர்த்து வைத்தது.

சேலத்தில் துரைமார் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று ஒரே ஒரு தடவை பார்த்த தகுதியோடு, இந்தப் பங்குனியில் கால்பந்து சொல்லிக்கொடுக்க இறங்கியவர் அவர். சிக்கியது ஆறு வயதுக் கூட்டம்தான். தறியில் மிதிகட்டை எட்டுகிற அளவுக்குக் கால் நீண்டுவிட்டால், அந்தத் தெருப் பிள்ளைகள் அப்புறம் பள்ளிக்கூடப் பக்கம் தலைவைப்பதில்லை.

புதுத் தோல் பந்தைக் கண்ட முதல் நாள் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் ஒவ்வொரு உதைக்கும் குனிந்து, கால் பட்ட பாவத்துக்காகப் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தினம் ஒரு பிள்ளை பந்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பயம் தெளிந்து வரட்டும் என்று வாத்தியார் முறை வைத்தார்.

திங்கட்கிழமை செங்கோடன் முறை. இன்று வியாழன். பந்தும் வரவில்லை, செங்கோடனும் வரவில்லை.

“நகம் பேந்தா முளைச்சுக்கும் அம்மிணி. பந்து எங்க?”

“பந்தாம் பந்து! மூணு நாளாத் தறி நிக்குதுங்க. நாளன்னிக்கு நாமகிரிப்பேட்டையில முகூர்த்தம். பொண்ணு கட்டற சேலை இன்னும் பாதியில கெடக்குது. நாளைப் பொழுதுக்குள்ள அறுத்துக் குடுக்கலீன்னா, இனி எங்கூட்டுக்கு நெய்யப் பாவு நூலே கெடையாதுன்னு முதலாளி வாசல்ல நின்னு கத்திப்போட்டுப் போறாரு. பாவு இல்லீன்னா நாங்க எதைத் திங்கறது? உங்க பந்தையா?”

வாத்தியாரின் காது சிவந்தது. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் சரிந்தது. அதைக் கட்டக்கூட அவருக்கு நேரமில்லை.

“ஓகோ! அப்படியா சங்கதி? பால்பல்லு உழுகாத புள்ளைய நம்பித்தான் உங்கூட்டுத் தறி ஓடுதா?”

“இல்லீங்க, நான் சொல்லறது...”

“ஒண்ணும் சொல்லாதீங்க! ஓடியாடற வயசுல தறிக்குழியில எறக்கிப்போட்டு, கால்ல அடிபட்டா நாயம் கேக்க வேற வந்துட்டீங்க! முகூர்த்தமாம், முதலாளியாம்! பெத்த அப்பன் குத்துக்கல்லாட்டம் எதுக்கு இருக்கறாரு? அவரு உக்காந்து நெய்யோணும். புள்ள இங்க வந்து உதைக்கோணும். அதான் மொறை!”

பதின்மூன்று வாய்களும் திறந்தபடி இருந்தன. தம் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகத் தாம் பேசியதில்லை என்று வாத்தியாருக்கே தோன்றியது.

சௌந்திரம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். இடுப்பில் கை வைத்து, தறிச்சத்தம் கேட்காத தன் வீட்டுத் திசையை ஒரு முறை முறைத்துப் பார்த்தாள். திரும்பியபோது அந்த முறைப்பில் பாதி வாத்தியாருக்கும் மிச்சமிருந்தது.

“புள்ளைக்கு ஒரு கீறலும் இல்லீங்க.”

“அப்புறம் எதுக்கு மூணு நாளா வரல?”

“நகம் பேந்தும் அவங்கப்பன் பந்தை உடமாட்டேங்கறாருன்னு அழுதுக்கிட்டுக் கெடக்கறானுங்க!”