தானாகப் போன உத்தரவு

"அந்தப் புரோகிராமை இன்னிக்கே புடுங்கி எறிஞ்சுட்டு அப்புறம் ஊட்டுக்குப் போ சாமி" என்றார் சந்தோஷ்குமார்.

நாமக்கல்லில் நாற்பது லாரிக்கு முதலாளி. அவருக்குக் கோபம் வந்தால் ஆபீஸ் ஏசிக்கே வேர்க்கும். அன்றைக்கு அது சொட்டிக்கொண்டிருந்தது.

எதிரே நின்றவள் சாதியா. சேலத்துப் பெண், புரோகிராமை எழுதிக் கொடுத்தவள். டிரைவர் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டார் என்று லாரியின் ஜிபிஎஸ் பெட்டி சொன்னால், புரோகிராம் ஆபீஸ் சாஃப்ட்வேரைத் தட்டி எழுப்பும். 'வண்டியை ஓரங்கட்டு, ஆறு மணி நேரம் தூங்கு' என்று டிரைவர் போனுக்கு உடனே உத்தரவு போகும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. சரக்கு அனுப்பும் கம்பெனிக்கும் ஒரு நகல் போய்விடும். மீறினால் அடுத்த லோடு கிடையாது.

இந்த மாதம் மட்டும் பத்தொன்பது வண்டி நின்றுவிட்டது. நேற்று டிரைவர் ரூபனின் வண்டி, வாழப்பாடியில்.

"அங்கிருந்து இங்கே ரெண்டு மணி நேரம். கண்ணை மூடிக்கிட்டே வந்திருக்கலாம்" என்றார் முதலாளி.

"அப்படித்தான் வந்துடுவாங்கன்னு பயந்துதான் சார் எழுதினேன்" என்றாள் சாதியா. அவளுக்கும் கோபம்.

முதலாளிக்கு மூக்கு சிவந்தது. மிசினைக் கேட்டா முப்பது வருசமாக லாரி ஓட்டினோம் என்று ஆரம்பித்தார். தூக்கம் வருகிறது என்ற டிரைவரை வண்டியை நிறுத்தச் சொன்ன பழைய சூப்பர்வைசரை அன்று சாயந்திரமே வேலையைவிட்டுத் தூக்கியவர் அவர். மனுசன் சொன்னால் கேட்கமாட்டார். மிசின் சொன்னால் வேறு வழியில்லாமல் கேட்பார். அதையும் எடுத்துவிட்டால் நாற்பது டிரைவருக்கும் தூக்கம் போச்சு.

முதலாளியைவிட அதிகமாகக் குதித்தவர் இப்போதைய சூப்பர்வைசர் சென்னியப்பன்.

"எடுக்கச் சொல்லுங்க முதலாளி. இவனுங்க சாக்குக் கெடச்சா ஸ்டியரிங்கைத் தலைகாணி ஆக்கிக்குவானுங்க."

டிரைவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரைப் பத்திரிகையில் போடமாட்டார்கள். அந்தப் பெயர் போதாது என்று சாதியாவுக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உத்தரவுப் பட்டியலைத் திறந்தாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்னம்மா, எடுத்தாச்சா?"

"எடுத்தா, எடுத்துட்டோம்னு கம்பெனிக்குத் தானாத் தகவல் போயிடும் சார். அப்புறம் லோடே வராது." கூசாமல் பொய் சொன்னாள்.

முதலாளி நாற்காலியை ஒரு உதை விட்டார். வலித்தது காலுக்குத்தான். நொண்டிக்கொண்டே காரில் ஏறினார். கார் கேட்டைத் தாண்டும்வரை சென்னியப்பன் டிரைவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். தாண்டியதும் சட்டென்று வாயை மூடினார்.

சாதியா திரையை அவர் பக்கம் திருப்பினாள். பொங்கலுக்கு சிம் மாற்றியதிலிருந்து எந்த ஜிபிஎஸ் பெட்டியும் பேசவில்லை. இணைப்பு செத்து ஏழு மாதம் ஆகிறது. பத்தொன்பது உத்தரவும் கையால் தட்டி அனுப்பியவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே பெயர்: சென்னியப்பன்.

அவர் தலையைச் சொறிந்தார். "சுங்கச்சாவடி மெசேஜைப் பாத்து ஓட்டுன மணியைக் கூட்டிக்குவேன் சாமி."

சாதியா புது சிம் எண்களைக் கால் மணி நேரம் தட்டிப் பதிந்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இணைப்பைச் சரி பண்ணிட்டேன் அண்ணா. இனிமே அதுவே உத்தரவு போட்டுக்கும். நீங்க திட்டுற வேலையை மட்டும் பாத்துக்குங்க."