ஒரே மூச்சில் ஒரு பெயர்

திக்குவாய் சுடலைமுத்துவின் தொண்டையில் நேற்றுத்தான் சிப் வைத்தார்கள். இனி எந்தச் சொல்லும் தடைபடாது. இருபது வருடமாகத் திக்கித் திக்கியே கூப்பிட்ட மனைவியின் பெயரை முதலில் சொல்ல ஆசைப்பட்டு, மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போன் போட்டான்.

"பவளக்கொடி, நல்லாருக்கியா?"

"யாருல நீ? எங்க வீட்டுக்காரர் குரல்ல பேசி ஏமாத்த வந்த மூணாவது ஆளு! அவுக வாயில என் பேரு ஒரே மூச்சுல வராதுல!" படக்கென்று வைத்துவிட்டாள்.

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிப்பை அணைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டான்.

"ப... ப... ப..."

"நீங்களா! சொல்லுங்க," என்றாள் பவளக்கொடி, குரல் குழைய.

அவன் பெயரை முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனும் அவசரப்படவில்லை.